ரேகையில்லாதவனின் ரிஜிஸ்தர் தபால்

வடகரைப்பேட்டையில் சப் தபாலாபீசும் ஸ்பெஷல் தாசில்தார் கச்சேரியும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தன. கீழே தபால், மேலே தாசில், நடுவில் பதின்மூன்று மரப்படிகள். மேலே தாசில்தார் தும்மினால் கீழே போஸ்ட்மாஸ்டர் மைக்கூட்டை மூடிக்கொள்வார். உத்தரத்துத் தூசி அதில் உதிரும். கீழே முத்திரை குத்தினால் மேலே தாசில்தாரின் தண்ணீர் டம்ளர் மேஜை ஓரத்துக்கு நகரும். இத்தனை நெருக்கம் இருந்தும், ஒரு கடிதம் அந்தப் படிகளில் நேராக ஏறிப்போனதை ஊரில் எவரும் கண்டதில்லை. கடிதம் ஏறுவதற்கென்று வேறு வழி இருந்தது. தோல் ஷாப்பு ஆள் தானியேலுக்கு அது, வீட்டில் நோட்டீஸ் ஒட்டிய பதினைந்தாம் நாள்தான் தெரிந்தது.

ஸ்பெஷல் தாசில்தார் அந்த ஊருக்கு வந்ததே ஒரு புது ரஸ்தா போடுவதற்காக. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் பதனிட்ட தோலை ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் மாட்டு வண்டிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. மாடுகளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, சர்க்காருக்குத்தான் பொறுக்கவில்லை. படத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். அளவுகோல் வைத்து இழுத்த, வளையத் தெரியாத கோடு. அது ஆவாரங்காட்டைத் தாண்டி, புறம்போக்கைத் தாண்டி, தானியேலின் வீட்டுக்குள் தெருக்கதவு வழியாக நுழைந்து அடுப்பங்கரை வழியாக வெளியே போயிற்று.

தானியேல், ஜியாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஆள். முடி கழல்வதற்காகப் பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழிக்குள் இறங்கிப் புரட்டிப் புரட்டிப் போடுகிற வேலை. பத்தொன்பது வருஷமாக அதில் நிற்கிறான். கழன்று விழுந்த ஆட்டுமுடியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, சுண்ணாம்பில் குழைத்து, தன் கையாலேயே பூசிக் கட்டிய வீடு அது. பெருமழைக்கும் விரிசல் காணாத சுவர். அந்தச் சுவருக்குள் இருக்கிற ஆடுகளை உயிரோடு எழுப்பி வரிசையாக நிறுத்தினால் குடியாத்தம் வரைக்கும் நிற்கும் என்று அவன் மனைவி ஆரோக்கியமேரி சொல்வாள்.

அந்த வீட்டுக் கதவில்தான் ஒருநாள் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். தபால்காரன் மஹபூப் பாஷா, தானியேலின் பழைய தோஸ்த், படித்துச் சொன்னான். வீட்டை இடிப்பதில் ஆட்சேபணை உள்ளவர் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்கலாம். அக்னாலெட்ஜ்மெண்டு வைத்த ரிஜிஸ்தர் தபாலில் மட்டுமே தெரிவிக்கலாம். தபால் போய்ச் சேர்ந்ததற்குத் தாசில்தார் கையெழுத்திட்ட அட்டையை இருபத்திரண்டாம் நாள் விசாரணையில் காட்ட வேண்டும். அட்டை இல்லாதவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இல்லாதவருக்கு வீடும் இல்லை.

தானியேலுக்கு இதில் முதல் பாதிதான் காதில் விழுந்தது. மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நேராகப் பதின்மூன்று படியும் ஏறி, தாசில்தார் முன்னால் போய் நின்றான். அவன் கையில் காகிதத்தைக் கண்டதும் தாசில்தார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தற்செயலாக ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டாலும் ஆட்சேபணை தெரிந்துபோகுமே. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கையில் வந்தால் அது வெறும் காகிதம். தபாலில் வந்தால்தான் ஆட்சேபணை. நீ இங்கே வந்ததாகவே எனக்குத் தெரியாது. இறங்கிப் போ.”

இறங்கினான். கீழே போஸ்ட்மாஸ்டர் காசிநாதம் பிள்ளை உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீசில் ஒரு கடிதத்தையும் தொலைக்காதவர் என்று பெயர் வாங்கியவர். அத்தாட்சி இல்லாத எதையும் அவர் கடிதம் என்று ஒப்புக்கொண்டதில்லை என்பதால் அது கைகூடியது. பெட்டியில் போடுகிற சாதாரணக் கடிதங்களை அநாதைகள் என்பார். போனால் போகும், வந்தால் வரும். ரிஜிஸ்தர் தபால் அப்படி அல்ல. அதற்காக அவர் மேஜையில் அரக்கு, மெழுகுவர்த்தி, நீலப் பென்சில், மைப்பட்டை, மூன்று அளவில் முத்திரைகள் எல்லாம் பூஜைச் சாமான்கள் போல வரிசையாக இருந்தன. சாயங்காலம் அவற்றின் மேல் வெள்ளைத் துணி போர்த்துவார்.

தானியேல் நீட்டிய உறையை அவர் தொடவில்லை. முதலில் ஒரு நியாயத்தை எடுத்துச் சொன்னார். இந்தத் தபால் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் அனுப்பியவனிடமே ஒப்படைக்க வேண்டும். வாங்க வருகிறவன்தான் அனுப்பியவன் என்று எப்படித் தெரியும்? ஆகவே அனுப்பும்போதே கட்டைவிரல் ரேகையை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். இப்படி ஒரு விதி புத்தகத்தில் இல்லை. கூடாது என்றும் புத்தகத்தில் இல்லை.

தானியேல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான். நாவல்பழத்தை நசுக்கி எடுத்த மாதிரி ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை.

“ரேகை எங்கேய்யா?”

“சுண்ணாம்புக் குழியில கீது சாமி. பத்தொம்போது வருசமா கொஞ்சம் கொஞ்சமா அங்கேயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

போஸ்ட்மாஸ்டர் பூதக்கண்ணாடி எடுத்தார். பத்து விரலையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். பத்து நாவல்பழம். மனிதர் லேசில் விடுகிறவர் அல்ல. காலை எடுத்து மேஜை மேல் வைக்கச் சொன்னார். மஹபூப் பாஷா பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, தானியேல் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று கால் விரல்களைக் கொடுத்தான். குழிக்குள் வெறுங்காலோடு இறங்குகிறவனுக்குக் கால் விரலில் மட்டும் ரேகை மிச்சம் இருக்குமா? அவை சின்ன நாவல்பழங்கள், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வரட்டுமா என்று தானியேல் கேட்டான். ரிஜிஸ்தரில் அவன் பெயர் ரேகைக்காரன் என்று பதிவாகிவிட்டது, கையெழுத்துக்காரனாக மாற விரும்பினால் அதற்கு விண்ணப்பத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டும் என்றார் போஸ்ட்மாஸ்டர். அனுப்புவதற்கு ரேகை வேண்டும் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மனமிரங்கியே பேசினார்.

“ரேகையில்லாத ஆளும் மனுஷன்தான்ப்பா. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ போட்டாய் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் இதை யாரும் போடவில்லை என்று ஆகிறது. யாரும் போடாத கடிதத்தை நான் எப்படி வாங்கிக்கொள்வது? நாளைக்குப் பட்டணத்தில் கேட்டால் என் பிள்ளைகுட்டிகள் தெருவில் நிற்கும்.”

தானியேலின் வீடு போனால் யார் தெருவில் நிற்பார்கள் என்பது அந்தப் பேச்சில் வரவில்லை.

கடைசியில் போஸ்ட்மாஸ்டரே ஒரு வழி சொன்னார். சுண்ணாம்பில் இறங்காமல் கொஞ்ச நாள் இருந்தால் ரேகை திரும்ப முளைக்கும். முளைத்ததும் வரட்டும். ஜியாவுல்லா சாயபு, விரலில் கோடு வளர்ப்பதற்கு லீவு கேட்டு வந்த முதல் ஆளைப் பார்த்துத் தாடியைத் தடவிச் சிரித்துவிட்டு, போய்ட்டு வா என்றார். ஆரோக்கியமேரி காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். தானியேல் கட்டைவிரலைக் கிழியில் கட்டி, பிள்ளை பெற்றவளைக் காப்பதுபோல் காத்தான். தினமும் பத்து மணிக்குத் தபாலாபீசுக்குப் போய்க் காட்ட வேண்டும். போஸ்ட்மாஸ்டர் இதற்கென்று புதிதாக ஒரு நோட்டுப் போட்டார். அதன் பெயர் ரேகை வளர்ச்சி ரிஜிஸ்தர். ஐந்தாம் நாள்: மாறுதல் இல்லை. எட்டாம் நாள்: வடமேற்கில் லேசான சொரசொரப்பு. பதினோராம் நாள்: மேகமூட்டம், நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கோடு தென்பட்டது. போஸ்ட்மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் அது முருங்கைக்கீரை ஆயும்போது கத்தி கீறின கோடு என்று தெரிந்து, சிவப்பு மசியில் அடிக்கப்பட்டது.

எட்டு நாள்தான் மிச்சம். ஆரோக்கியமேரி கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னாய்யா, ஊரெல்லாம் காயிதம் போடுது. உன் ஒரு காயிதத்துக்கு மட்டும் இன்னா இம்மாம் பேஜாரு?”

“இது சாதாரண காயிதம் இல்ல புள்ள. போய் சேர்ந்துதுன்னு காட்டுற காயிதம்.”

“போவறதுக்கே வழிய காணோம்.”

பதினான்காம் நாள் சாட்சி வைத்து ஏற்கலாம் என்று முடிவாயிற்று. அதாவது, இந்த வெற்று வட்டம் தானியேலுடைய வெற்று வட்டம்தான் என்று இரண்டு பேர் ரேகை வைத்து உறுதி சொல்ல வேண்டும். தானியேலின் சிநேகிதர்கள் பதினோரு பேர் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் குழி ஆட்கள். எல்லாரும் உற்சாகமாகக் கட்டைவிரலை வைத்தார்கள். அந்தப் பக்கம் ஆடி மாதத்து நாவல்மரத்தடி மாதிரி ஆயிற்று. போஸ்ட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் மனுஷர்களே கிடையாதா என்று கேட்டார்.

பதினைந்தாம் நாள் ஜியாவுல்லா சாயபு ஜட்கா வைத்துக்கொண்டு தாமே வந்து உருதுவில் கையெழுத்துப் போட்டார். அதில் குற்றம் கண்டுபிடிக்கப் போஸ்ட்மாஸ்டருக்கு உருது தெரியாது. ஆகவே ஒரே கையெழுத்து இரண்டு சாட்சிக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டார். பிறகு அரக்கு. உருகிய அரக்கின் மேல் அனுப்புகிறவனுக்கே உரிய அடையாளம் ஒன்று பதிய வேண்டுமாம். காசு வைத்துப் பதித்தால் ஊரில் எல்லார் காசும் ஒரே காசு. சட்டைப் பித்தானும் ஆகாது. தானியேல் யோசிக்காமல் கட்டைவிரலை அரக்கில் வைத்து எடுத்தான். சுண்ணாம்பில் காய்த்த விரலுக்கு அந்தச் சூடு தெரியவே இல்லை. அரக்கு கண்ணாடி போல வழவழவென்று பதிந்தது. போஸ்ட்மாஸ்டர் குனிந்து பார்த்தபோது அதில் அவருடைய மீசை தெரிந்தது. இப்படி ஒரு முத்திரை வேறு எவனுக்கும் இல்லை என்று நெகிழ்ந்துபோய், நீலப் பென்சிலால் உறையின் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, மூன்று முத்திரையும் குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார். மேலே டம்ளர் விழுந்து உடைந்தது கேட்டது.

தானியேல் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஹபூப் பாஷா கடிதத்தை எடுத்துக்கொண்டு படியேறுவான் என்று காத்திருந்தான். பதின்மூன்று படி. ஒரு வெற்றிலை போட்டுக்கொள்கிற நேரம்.

கடிதம் பைக்குள் போயிற்று. பைக்கு அரக்கு வைத்தார்கள். பை ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியில் ஏறிற்று.

“பாய், அது எங்க போவுது?”

“ஜோலார்பேட்டை. அங்கேர்ந்து மதராஸ். மதராஸ்ல பிரிச்சு, திரும்ப இங்க வரும். மூணு நாள்.”

“மாடிக்கி போவறதுக்கா?”

போஸ்ட்மாஸ்டர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். தபால் என்றால் தூரம் என்று விளக்கினார். தூரம் இல்லாத இடத்தில் தபால் எப்படி இருக்கும்? பதின்மூன்று படி தூரத்தில் சேராது. அதை நடை என்பார்கள். நடையை ரிஜிஸ்தர் செய்ய இலாகாவுக்கு அதிகாரம் கிடையாது.

பதினெட்டாம் நாள் கடிதம் மதராஸ் பார்த்துவிட்டுத் திரும்பியது. மஹபூப் பாஷா அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான். தாசில்தார் காம்ப் போயிருந்தார். காம்ப் எங்கே என்றால், ரஸ்தா அளப்பதற்காகத் தானியேலின் வீட்டு வாசலில். தானியேல் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டே தாசில்தார் உறையை எட்டியிருந்து பார்த்தார். ஆபீஸ் விலாசத்துக்கு வந்ததைக் காம்ப்பில் வாங்க முடியாது, விலாசம் திருத்தி மறுபடி அனுப்பட்டும் என்றார். கடிதம் மறுபடி ஜோலார்பேட்டை, மறுபடி மதராஸ். இருபத்தொன்றாம் நாள், கடைசி நாள், கூடாரம் பிரிக்கிற சமயத்தில் வந்து சேர்ந்தது. தாசில்தார் பச்சை மசியில் அட்டையில் கையெழுத்துப் போட்டார். தானியேல் தன் கண்ணால் பார்த்தான். ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அட்டையை வாங்க மறுநாள் காலை தபாலாபீசுக்குப் போனபோது அது கம்பிக்குப் பின்னால் மாடத்தில் செருகியிருந்தது. பச்சைக் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். போஸ்ட்மாஸ்டர் மைப்பட்டையை முன்னால் நகர்த்தினார்.

தபால் சேர்ந்ததற்கு அத்தாட்சி அட்டை. அட்டை சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா? ரேகை வை. தானியேல் வைத்தான். நாவல்பழம். அனுப்பியதற்குத்தான் ஜியாவுல்லா சாயபு சாட்சி, வாங்குவதற்கு அல்ல. வாங்குவதற்கு வேறு ஃபாரம், வேறு சாட்சி, மதராஸிலிருந்து அனுமதி. பதினோரு மணிக்கு விசாரணை. தானியேல் அட்டையைக் கீழே விட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே ஏறினான்.

“அட்டை கீழ கீது எஜமான். நீங்களே கையெழுத்து போட்டீங்க. நான் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க.”

தாசில்தார் அன்பாகவே பதில் சொன்னார். “கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் போட்டேன் என்பதற்கு உன்னிடம் அத்தாட்சி இல்லையே. என் ஞாபகத்தை நம்பி நான் தீர்ப்புச் சொன்னால் அது சட்டம் ஆகுமா? ஆட்சேபணை வரவில்லை.”

ஆட்சேபணை அவர் மேஜை மேல், காற்றில் பறக்காமலிருக்க மைக்கூட்டின் அடியில் இருந்தது.

அன்று தானியேல் வீட்டுக்குப் போய்ச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டான். சட்டி பானைகளை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தான். ஆலங்காயத்தில் ஆரோக்கியமேரியின் தம்பி இருக்கிறான். அவனுக்கே ஒரு கொட்டகைதான். இடிக்கிற ஆட்கள் அன்றோ மறுநாளோ கடப்பாரையோடு வருவார்கள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

ஆட்கள் வரவில்லை. தபால்தான் வந்தது. இடிக்கிற உத்தரவைச் சொந்தக்காரன் கையில் சேர்த்து, சேர்ந்ததற்கு அட்டை வந்து ஏழு நாள் கழித்துத்தான் கடப்பாரையைத் தொடலாம் என்பது விதி. மேலேயிருந்து கீழே இறங்கி, ஜோலார்பேட்டை போய், மதராஸ் போய், தானியேலின் வாசலுக்கு வந்தது உத்தரவு. அலுத்துப்போயிருந்த தானியேல், கொடு பாய், வாங்கி ஒழிக்கிறேன் என்று விரலை நீட்டினான். நாவல்பழம் விழுந்தது. மஹபூப் பாஷா அதைக் கொண்டுபோய்ப் போஸ்ட்மாஸ்டரிடம் காட்ட, அவர் உறையின் மேல் எழுதினார்: விலாசதாரர் நிரூபணம் ஆகவில்லை. உத்தரவு மதராஸ் வழியாக மாடிக்குத் திரும்பியது.

தாசில்தார் ஒன்பது தடவை அனுப்பினார். ஒன்பது தடவையும் திரும்பியது. ஸ்டேஷனிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ரஸ்தா தானியேலின் வாசலில் வந்து ஜல்லியோடு நின்றது. பத்தாம் தடவை தாசில்தார் தாமே படியிறங்கி வந்து, இந்தச் சனியனை அவன் கையில் திணித்துவிட்டு வாருமே என்று இரைந்தார்.

“ரேகை வைத்தாலொழிய அவன் அவன் இல்லை, ஐயா,” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“அவனை எனக்குத் தெரியும் ஓய். அவன் வாசலில் இளநீர் குடித்திருக்கிறேன்.”

“குடித்ததற்கு ரசீது இருக்கிறதா?”

தாசில்தார் மேலே போய்ப் புகார் எழுதினார். ரிஜிஸ்தரில்தான்.

விசாரிக்கத் தபால் இலாகாவின் ஜில்லா சூப்பரின்டெண்டு வந்தார். மாட்டு வண்டியில் மேஜை நாற்காலி வந்தது; பின்னால் ஒரு குதிரை வண்டியில் அவர். வெயில் கடுமையாக இருந்ததால் கூட்டத்தில் நின்றிருந்த தானியேலைக் கூப்பிட்டுக் குடை பிடிக்கச் சொன்னார்கள். குடை நிழலில் அவர் பேசியதை ஊரே கேட்டது.

“இந்த இலாகா பிறந்த நாளிலிருந்து ஒரு தவறும் செய்ததில்லை. செய்ததாகச் சொல்கிறவர்கள் ரிஜிஸ்தர் தபாலில் எழுத வேண்டும். அப்படி எழுதிய கடிதம் எதுவும் இதுவரை என்னிடம் வந்து சேரவில்லை. தாசில்தார் அவர்களின் புகாரும் இன்னும் வரவில்லை. காதில் விழுந்துதான் வந்தேன். இன்றைக்கு இந்த வெற்று வட்டத்தை நாம் ஒப்புக்கொண்டால், அன்றைக்கு அட்டையைக் கொடுக்காதது தவறு என்று ஆகும். இலாகா தவறு செய்வதைவிட ஒரு ஆள் இல்லாமலிருப்பது சிலாக்கியம். ஆகவே தானியேல் என்கிறவன், தபால் காரியங்களைப் பொறுத்தமட்டில், இல்லை.”

இல்லாதவன் குடையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தான். சூப்பரின்டெண்டின் காதில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

தாசில்தார் லேசுப்பட்டவரா? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மஹபூப் பாஷா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தான். ஆரோக்கியமேரி கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, உத்தரவு இப்ப உன் பேருக்கு வருது. வூட்ல நீயும் ஒரு சொந்தக்காரியாம். இப்பத்தான் பையில போட்டு கட்னேன்.”

தானியேல் அவள் கையைப் பார்த்தான். அவள் கீரை விற்கிறவள். குழிப்பக்கம் போனதே இல்லை. அவள் விரலில் சங்கும் சக்கரமும் அச்சடித்த மாதிரி இருக்கும். கோயிலில் கல்யாணப் புஸ்தகத்தில் வைத்த ரேகையைப் பார்த்துப் பாதிரியாரே மெச்சியிருக்கிறார்.

“வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா?” என்று கேட்டான்.

“வாணாம்னு சொன்னா, வாணாம்னு சொல்ல ஒரு ஆள் கீதுன்னு ஆவுது. மறுத்தாள்னு எழுதி கதவுல ஒட்டிடுவாங்க. அது டெலிவரிதான். ஆளே ருசு ஆவலன்னாதான் திரும்பிப் போவும்.”

ஆரோக்கியமேரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பையில் போட்ட கடிதம் வருவதற்கு எத்தனை நாள் என்று கேட்டாள். எப்போதும் போல மூன்று நாள் என்றான் மஹபூப் பாஷா. அவள் தன் கட்டைவிரலை வெளிச்சத்தில் வைத்து ஒரு தரம் பார்த்தாள். கீரைக்கூடையை அப்படியே வைத்துவிட்டுத் தோல் ஷாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே தானியேல் ஓடினான்.

பொம்பளைகளைக் குழியில் இறக்குகிற வழக்கம் அங்கே இல்லை. ஜியாவுல்லா சாயபு கதை முழுவதையும் கேட்டார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. குழிக்கரையில் ஒரு முக்காலி போடச் சொல்லி, இருக்கிறதிலேயே காரமான பழஞ்சுண்ணாம்பைத் தொட்டியில் கலக்கச் சொன்னார்.

மூன்று நாள். முதல் நாள் தோல் உரிந்தது. இரண்டாம் நாள் வெடித்தது. சோற்றைப் பிசைய முடியவில்லை, தானியேல்தான் ஊட்டிவிட்டான். அவன் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தபோது அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எண்ணெ வச்சா கோடு வளந்துக்கும். வாணாம்.”

“வலிக்குதா?”

“உனக்கு பத்தொம்போது வருசம் வலிக்கலியா? நீ ஒருநாளும் சொன்னதில்ல.”

தானியேல் வாழையிலை ஒன்றை அறுத்து வந்தான். அவள் கையை இலையில் வைத்துக் காற்று வரும்படி விசிறிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே, அன்றைய முதல் டெலிவரியாக, உத்தரவு வந்தது. இவ்வளவு முக்கியமான டெலிவரியை மஹபூப் பாஷாவிடம் மட்டும் விட மனமில்லாமல் போஸ்ட்மாஸ்டர் மைப்பட்டையோடும் பூதக்கண்ணாடியோடும் தாமே வந்தார். ஆறு கடப்பாரை ஆட்களை ஜல்லிக்குவியலின் மேல் உட்காரவைத்துவிட்டுத் தாசில்தாரும் வந்தார். வரும் வழியிலேயே அவர் ஏழு நாளை எண்ணி முடித்திருந்தார்.

ஆரோக்கியமேரி கதவைத் திறந்தாள். ஒரு கையில் சொம்பு. மற்ற கையை நீட்டினாள். போஸ்ட்மாஸ்டர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, காகிதத்தில் வைத்து, இடமிருந்து வலமாக முறைப்படி உருட்டி எடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டதைத் தானியேல் மட்டும் பார்த்தான்.

கறுப்பு வட்டம். வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். மற்ற ஒன்பது விரலையும் வாங்கிப் பார்த்தார். தாசில்தாருக்குப் பொறுக்கவில்லை.

“இவள்தானே ஆரோக்கியமேரி? இதோ நிற்கிறாளே ஓய், எதிரே.”

“தெரிகிறது ஐயா. தெரிவது வேறு, அத்தாட்சி வேறு.” போஸ்ட்மாஸ்டர் உறையை மஹபூப் பாஷாவின் முதுகில் வைத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். “இந்த வீட்டில் யார்தான் இருக்கிறீர்கள் என்று எழுதுவது?”

“இந்த வூட்ல யாரும் இல்லன்னு எழுதிக்கோங்க சாமி,” என்றாள் ஆரோக்கியமேரி. “எழுதிட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் வாசல் தெளிக்கணும்.”

போஸ்ட்மாஸ்டர் அவள் முதலில் சொன்னதை எழுதிக்கொண்டார். இரண்டாவது சொன்னதற்குத் தாசில்தாரையும் கூட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.